நேப்பிள்ஸில் இறங்கி, கப்பலில் சாப்பிடுவதா?

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு மத்தியதரைக்கடல் கப்பல் சுற்றுலா போகிறோம். இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்தில் காலை 7 முதல் மாலை 6 வரை கப்பல் நிற்கும். நாங்கள் சுத்த சைவம். கப்பலில் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் பணம் கட்டியாகிவிட்டது. மதியம் திரும்பி வந்து கப்பலிலேயே சாப்பிட்டுவிடலாமா? இல்லை, துறைமுகம் பக்கத்தில் நல்ல இந்திய ஓட்டல் இருக்கிறதா?
– வாசகி ஒருவர், கோவை

பதில்: கட்டிய பணம் இறங்கினாலும் திரும்பி வராது, இறங்காவிட்டாலும் திரும்பி வராது. அதற்காக வயிற்றையும் சேர்த்து அடகு வைப்பானேன்? பீட்சாவின் பிறந்த வீட்டு வாசலில் கப்பலைக் கட்டிவிட்டு, நேற்று வேறொரு துறைமுகத்தில் சாப்பிட்ட அதே பஃபே வரிசையில் தட்டோடு நிற்கப் போகிறீர்களா? இந்திய ஓட்டலைக் கோவையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

நேப்பிள்ஸில் ஒரு சௌகரியம் உண்டு. சில ஊர்களில் துறைமுகம் ஓரிடம், ஊர் ஓரிடம். இங்கே கப்பலை விட்டு இறங்கினால் எதிரிலேயே பழைய கோட்டை. அங்கிருந்து இருபது, இருபத்தைந்து நிமிட நடையில் வியா தெய் திரிபுனாலி என்ற குறுகிய தெரு. பீட்சாக் கடைகளுக்கென்றே பேர் போனது. கப்பல் வாசலில் 'வாருங்கள் வாருங்கள்' என்று அழைக்கும், ஐந்து மொழியில் படம் போட்ட மெனு நீட்டும் கடைகளைத் தாண்டி நடங்கள். நானும் ஒருமுறை அப்படி ஒன்றில் உட்கார்ந்து, ஆறிப்போன அப்பளம் மாதிரி ஒன்றைத் தின்றுவிட்டு எழுந்தவன்தான்.

சைவம் என்று பயப்படுகிறீர்கள். ஊரின் மிகப் பழைய வகைகளில் ஒன்றான மரினாராவே உங்களுக்காகச் செய்தது போல இருக்கும். தக்காளி, பூண்டு, ஒரிகானோ, எண்ணெய், அவ்வளவுதான். பெயரில் கடல் வாசனை இருந்தாலும் மீன் கிடையாது, சீஸும் கிடையாது. சீஸ் வேண்டுமென்றால் மார்கரீட்டா. 1889-இல் ராணி மார்கரீட்டாவுக்காகச் செய்தது என்று ஒரு கதை சொல்வார்கள். வரலாற்று ஆய்வாளர்கள் சிலர் அதை நம்புவதில்லை. ருசிக்கு அதனால் பழுதில்லை. 1870-லிருந்து நடக்கும் தா மிக்கேலே கடை வெகுகாலம் இந்த இரண்டு வகையை மட்டும் விற்றே பேர் வாங்கியது. அங்கே வாசலில் நம்பர் சீட்டு வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். கூட்டம் பார்த்து மலைத்தால், நான்காக மடித்துக் காகிதத்தில் தரும் 'போர்ட்டாஃபோலியோ' பீட்சா தெருவிலேயே கிடைக்கும். பர்ஸ் மாதிரி மடிப்பதால் அந்தப் பெயர். நின்றபடியே தின்னலாம்.

நேரமாகுமே என்ற கவலையும் வேண்டாம். 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கும் விறகடுப்பில் ஒரு பீட்சா வேக ஒன்றரை நிமிடம்கூட ஆகாது. உருட்டுக்கட்டை தொடாமல் கையாலேயே மாவைப் பரத்தும் அந்தக் கலையை 2017-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நடுப்பகுதி சொதசொதவென்று இருந்தால் வேகவில்லை என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள், அதன் பக்குவமே அதுதான்.

சுத்த சைவம் ஏமாறும் இடம் வேறு. பொரித்த பீட்சாவுக்குள் பன்றிக் கொழுப்புத் துணுக்குகளை வைப்பது அங்கே வழக்கம். மிளகு போட்ட 'தராலி' முறுக்கிலும், அடுக்கடுக்காக நொறுங்கும் ஸ்ஃபோலியாதெல்லா இனிப்பின் மாவிலும்கூடப் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய முறை. பார்த்தால் தெரியாது, 'ஸ்ட்ருட்டோ' (அந்தப் பன்றிக் கொழுப்புக்கு இத்தாலியப் பெயர்) இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். சீஸ் உறையவைக்கக் கன்றுக்குட்டியின் வயிற்று நொதி சேர்ப்பார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது உறுத்தினால் மரினாராவோடு நின்றுவிடுங்கள்.

பில்லில் 'கோபெர்த்தோ' என்று ஆளுக்கு ஓரிரு யூரோ இருந்தால் சண்டைக்குப் போகாதீர்கள், உட்கார்ந்ததற்கான கட்டணம் அது. காபியைக் கவுண்டரில் நின்றே குடியுங்கள், மேஜையில் உட்கார்ந்தால் விலை ஏறும்.

பாம்பெய் இடிபாடுகளையும் பார்க்கும் எண்ணம் இருந்தால் காலையிலேயே ரயில் ஏறுங்கள், முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஒன்றரை மணிக்கெல்லாம் நேப்பிள்ஸ் திரும்பிவிட வேண்டும். மூன்று மணிக்கு மேல் பல கடைகள் அடுப்பை அணைத்துவிட்டு இரவுக்குத்தான் திறக்கும். அப்புறம் நீங்கள் கேட்டபடி கப்பல் சாப்பாடுதான்.