போஸ்டரில் நாலு இன்ஜின், படத்தில் ரெண்டு

குறைந்த செலவில் எடுத்த ஒரு விமானக் கடத்தல் படத்தை 149 ரூபாய் கட்டி வாடகைக்குப் பார்த்து நொந்துபோன வாசகர் ஒருவரின் கடிதம் போன வாரம் இங்கே வந்திருந்தது. அதைப் படித்துவிட்டு நிறைய பேர் எழுதிவிட்டீர்கள். மிக்ஸி, கெய்சர் பற்றிய புகார்கள் ஒரு வாரம் காத்திருக்கட்டும். இந்த வாரம் முழுக்க இந்த மாதிரிப் படங்கள்தான்.

கேள்வி: போஸ்டர் முழுக்க அந்தப் பிரபல ஆக்‌ஷன் நடிகரின் முகம், கையில் துப்பாக்கி, பின்னால் எரிகிற ஜம்போ ஜெட். படத்தில் அவர் மொத்தமே பத்து நிமிடம்தான் வருகிறார். அதுவும் விமானத்தில் இல்லை, தரையில் ஒரு அறையில் உட்கார்ந்து போன் பேசுகிறார். வழக்குப் போடலாமா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. எனக்கும் இதில் பல வருஷக் கோபம் உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெயர் பெற்ற நடிகரை ஒன்றிரண்டு நாள் கால்ஷீட்டுக்குப் பிடிப்பார்கள். மேஜை, போன், சுவரில் ஒரு மேப் என்று ஓர் அறையைத் தயார் செய்து, அவர் வரும் காட்சிகள் எல்லாவற்றையும் அங்கேயே எடுத்து முடித்துவிடுவார்கள். விமானத்தில் இருப்பவர்களோடு அவர் ஒரே பிரேமில் வரவே மாட்டார். ஆனால் போஸ்டரில் முக்கால்வாசி இடம் அவருக்குத்தான். வியாபாரம் நடப்பதே அந்த முகத்தை வைத்துத்தான்.

2008 வாக்கில் நான் இப்படி ஒரு டிவிடி வாங்கினேன், 399 ரூபாய். அட்டையில் நாலு இன்ஜின் ஜம்போ, ஒரு இன்ஜினில் தீ. என் மகன் அப்போது ஆறாம் வகுப்பு. அட்டையை மடியில் வைத்துக்கொண்டே படம் பார்த்தான். விமானம் கிளம்பும் காட்சி வந்ததும் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் விரலால் எண்ணி, “அப்பா, இதுக்கு ரெண்டு இன்ஜின்தாம்ப்பா இருக்கு” என்றான். தரையிறங்கும்போது விமானத்தின் வால் நிறமே மாறிவிட்டது. வேறு எதற்கோ எடுத்த காட்சிகளை வாங்கி ஒட்டியிருந்தார்கள். மறுநாள் கடைக்குப் போனேன். “கவர் பிரிச்சதைத் திரும்ப எடுக்க மாட்டோம் சார்” என்று சொல்லிவிட்டார்கள். 399 ரூபாய் அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு வாரக் காய்கறிக் காசு.

இனி சட்டம். 2016-ல் வெளியான ஒரு ஷாருக் கான் படத்தின் டிரெய்லரில் வந்த பாட்டு, படத்தில் இல்லை. ஓர் ஆசிரியை அதற்காக வழக்குத் தொடுத்தார். மாநில நுகர்வோர் ஆணையம் 10,000 ரூபாய் இழப்பீடும் 5,000 ரூபாய் செலவுத்தொகையும் தரச் சொன்னது, தேசிய ஆணையமும் அவர் பக்கமே நின்றது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. டிரெய்லர் ஒரு விளம்பரம், அதில் வருவதெல்லாம் படத்திலும் இருக்கும் என்ற ஒப்பந்தம் ஆகாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். அதனால் போஸ்டர் முகத்தை மட்டும் வைத்து வழக்குப் போட்டால் நிற்பது கஷ்டம்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒரு பாட்டு விட்டுப்போவதும், படத்தையே விற்றுக் கொடுக்கிற ஆள் படத்தில் இல்லாததும் ஒன்றாகிவிடாது. ஆனால் சட்டம் இன்றைக்கு எங்கே நிற்கிறது என்று உங்களுக்குச் சொல்லாமல் விட்டால் அது நான் செய்கிற ஏமாற்று. உங்கள் கைக்கு எட்டுவது வேறொன்று. ‘தமிழ் ஆடியோ உண்டு’, ‘எச்டி தரம்’ என்று போட்டிருந்து அது இல்லை என்றால், அது டிரெய்லர் விவகாரம் இல்லை, காசு வாங்கிக்கொண்டு சொன்ன சேவையைத் தராதது. அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள்.

கேள்வி: ஒரே படத்துக்கு ஒருவர் ஐந்து நட்சத்திரம் தருகிறார், அடுத்தவர் ‘வாழ்க்கையில் பார்த்த மகா மட்டமான படம்’ என்கிறார். யாரை நம்புவது? (காரைக்குடி)

பதில்: ரெண்டு பேரையும் விட்டுவிட்டு, இரண்டு மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களைப் படியுங்கள். “காக்பிட் கதவை உடைக்கிற காட்சியில் பதற்றம் இருந்தது, ஆனால் கடத்தல்காரர்களுக்கு என்ன வேண்டும் என்பது கடைசி வரை புரியவில்லை” என்று எழுதுகிறவர் உட்கார்ந்து படம் பார்த்தவர். “மாஸ், கண்டிப்பாகப் பாருங்கள்” என்பதில் விமானமே இல்லை, அதை எந்தப் படத்துக்கும் போடலாம். படம் வந்த அன்றைக்கே ஒரே வாக்கியத்தை ஏழெட்டுப் பேர் எழுதியிருந்தால் அதையும் தள்ளுங்கள். ஆன்லைன் விமர்சனங்களை எப்படித் திரட்டி வெளியிட வேண்டும் என்று ஐ.எஸ். 19000:2022 என்று ஒரு இந்தியத் தரநிலையே இருக்கிறது. விருப்பப்பட்டவர்கள் பின்பற்றலாம் என்ற அளவில் அது கொண்டுவரப்பட்டதுதான் குறை.

இன்னொன்று: மட்டம் என்று சொல்கிறவர் ஏன் மட்டம் என்கிறார் என்று பாருங்கள். “பெரிய வெடி எதுவும் இல்லை” என்பது அவருக்குக் குறை. உங்களுக்கு அதுவே நிம்மதியாக இருக்கலாம்.

கேள்வி: படத்தைக் கடைசி வரை பார்த்தேன். பிடிக்கவில்லை. வாடகைப் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? (சேலம்)

பதில்: கூடாது.

கேள்வி: ஆபீஸில் எல்லோரும் பேசிய படம் என்று நினைத்து வாங்கினேன். பெயர் கிட்டத்தட்ட அதேதான். பார்த்தால் வேறு ஏதோ படம்! பிளாட்பாரம் ஏன் எச்சரிக்கவில்லை? (கோவை)

பதில்: ‘கிட்டத்தட்ட’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பெயருக்குக் கீழே ஆண்டு இருக்கிறது, இயக்குநர் பெயர் இருக்கிறது, எத்தனை நிமிடம் என்றும் இருக்கிறது. மூன்றையும் பார்க்கப் பத்து விநாடி போதும். அதைச் செய்யாமல் பட்டனை அழுத்திவிட்டு அடுத்தவர் மேல் பழி போடாதீர்கள்.

இது புதிய உத்தியும் இல்லை. 2006 ஆகஸ்டில் விமானத்தில் பாம்புகள் புகும் ஒரு பெரிய ஹாலிவுட் படம் வெளியானது. அதற்கு மூன்று நாள் முன்னால், ரயிலில் பாம்புகள் என்று கிட்டத்தட்ட அதே தலைப்பில் ஒரு மலிவுப் படம் டிவிடியாக வந்தது. எடுத்தது ‘தி அசைலம்’ என்ற கலிபோர்னியா கம்பெனி. பெரிய படங்களின் பெயரை ஒட்டிப் பெயர் வைத்து மலிவாகப் படம் எடுப்பது அவர்களுக்கு வெளிப்படையான தொழில். தமிழ் டப்பிங்கில் இன்னும் சிக்கல், தலைப்பையே மாற்றிவிடுகிறார்கள். டப்பிங் படம் என்றால் ஆங்கிலத் தலைப்பைத் தேடிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். போன மாதமும் இதையேதான் எழுதினேன்.

கேள்வி: என் பையனுக்கு 12 வயது. விமானக் கடத்தல் படம் பார்க்கணும் என்று என் போனில் தேடியிருக்கிறான். ‘ஒரு ரூபாயில் பார்க்கலாம்’ என்று வந்த லிங்க்கில் யு.பி.ஐ. பின் போட்டுவிட்டான். படமும் ஓடவில்லை. ஒரு வாரம் கழித்து 1,999 ரூபாய் போய்விட்டது. நான் தையல் வேலை செய்கிறேன். அவனை அடித்துவிட்டேன். பணம் கிடைக்குமா? (திருப்பூர்)

பதில்: அம்மா, முதலில் பையனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். தப்பு அவன் மேல் இல்லை, அந்த வலையை விரித்தவன் மேல். பெரியவர்களே தினமும் இதில் விழுகிறார்கள்.

இன்றைக்கே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்து, பணம் போன தேதி, தொகை, பரிவர்த்தனை எண் மூன்றையும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் மடக்க வாய்ப்பு உண்டு. அப்புறம் போனில் பணம் அனுப்பும் ஆப்பைத் திறந்து ‘ஆட்டோபே’ பகுதிக்குப் போங்கள். அந்த ஒரு ரூபாயோடு சேர்த்து மாதாமாதம் எடுத்துக்கொள்ளவும் சம்மதம் வாங்கியிருப்பார்கள். அதை ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் 1,999 போகும். பிறகு வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள்.

சேர்ப்பது சுலபம், வெளியே வருவது கஷ்டம் என்கிற இந்த ‘சந்தாப் பொறி’யை மத்திய அரசின் 2023 நவம்பர் வழிகாட்டுதல் தடை செய்திருக்கிறது. நிஜமான கம்பெனி என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம். பணம் முழுக்கத் திரும்பும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் புகார் கொடுத்தவர்களுக்குத்தான் திரும்பியிருக்கிறது. என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.

கேள்வி: ‘வாங்கு’ பட்டனை அழுத்தி 499 ரூபாய்க்கு ஒரு படம் வாங்கினேன். ஒரு வருஷம் கழித்து என் கணக்கில் அதைக் காணோம். (மதுரை)

பதில்: உங்களுக்குக் கிடைத்தது படம் இல்லை, பார்க்கும் உரிமம். கம்பெனிக்கு உரிமை முடிந்தால் உங்களுக்கும் முடிந்தது என்று விதிமுறையில் ஒரு மூலையில் எழுதியிருப்பார்கள். கலிபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து, இது உரிமம்தான் என்று வாங்குகிறவருக்குத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்று போட்டு விற்கக் கூடாது. இங்கேயும் அது வர வேண்டும். பணம் கட்டிய மின்னஞ்சல் இருந்தால் விடாதீர்கள். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளோ சேவையோ என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகாருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து மச்சினர் கொண்டுவந்த டிவிடி இங்கே ஓட மாட்டேன் என்கிறது. (நாகர்கோவில்)

பதில்: டிவிடிகளுக்கு எந்த நாட்டில் ஓட வேண்டும் என்று ‘ரீஜன்’ எண் போட்டிருப்பார்கள். அது ரீஜன் 1, நம் நாடு ரீஜன் 5. எல்லா ரீஜனும் ஓடும் பிளேயர் வேண்டும். நானும் இப்படி ஆறு டிவிடி வாங்கிவரச் சொல்லி, ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.

கேள்வி: சின்ன பட்ஜெட் கடத்தல் படம் என்றாலே குப்பைதானா? (புதுச்சேரி)

பதில்: இல்லவே இல்லை. காசு குறைவாக இருப்பவர்கள் இந்தக் கதையைத் தேடிப் போவதற்குக் காரணமே, ஒரே இடத்தில் படத்தை முடித்துவிடலாம் என்பதுதான். லாஸ் ஏஞ்சல்ஸில் ‘ஏர் ஹாலிவுட்’ என்ற ஸ்டூடியோ விமான கேபின் செட்களை வாடகைக்கே விடுகிறது. சீட், ஜன்னல், சாப்பாடு தயார் செய்யும் இடம் எல்லாம் தயாராக இருக்கும். அதில் என்ன எடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

2019-ல் வந்த ‘7500’ பாருங்கள். விமானம் கடத்தப்பட்டால் விமானி அனுப்பும் சங்கேத எண் அது. ஏறக்குறைய முழுப் படமும் ஒரு காக்பிட்டுக்குள்ளேயே நடக்கிறது. கதவுக்கு வெளியே நடப்பதை ஒரு சின்னத் திரையில் விமானி பார்க்கிறார், நாமும் அதையேதான் பார்க்கிறோம். தமிழில் 2011-ல் வந்த ராதாமோகனின் ‘பயணம்’ பயணிகளை ஒவ்வொருவராக நமக்குப் பழக்கிவிடும். இரண்டுக்கும் கொடுத்த காசு எனக்கு உறுத்தவில்லை.