வியட்நாமுக்கு நூலா, துணியா?

போன மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வியட்நாமைப் பற்றியவை. நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஈரோட்டில் துணி வியாபாரம் செய்கிறேன். வியட்நாமில் அத்தனை கார்மெண்ட்ஸ் இருக்கிறதே, துணி அனுப்பினால் எடுபடுமா?

நூல் என்றால் தைரியமாக இறங்குங்கள் என்பேன். துணியில்தான் வில்லங்கம். 2020 ஆகஸ்ட் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தோடு வியட்நாமுக்கு வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறது. அதன்படி, அங்கே தைத்த சட்டைக்கு வரிச்சலுகை வேண்டுமென்றால் துணியும் வியட்நாமிலோ ஐரோப்பிய ஒன்றியத்திலோ உருவாகியிருக்க வேண்டும். கொரியத் துணி போலச் சில விதிவிலக்குகள் உண்டு, நம் துணிக்கு இல்லை. நூல் எந்த ஊர் நூல் என்று கேட்பதில்லை. ஆக, அங்கே சட்டை தைப்பவர் உங்கள் துணியை எடுத்தால் அவருக்குச் சலுகை போகும். அந்த இழப்பை உங்கள் விலையில்தான் கழிப்பார். வியட்நாமும் கனடாவும் உறுப்பினராக உள்ள சிபிடிபிபி என்கிற பசிபிக் வட்டார வர்த்தக ஒப்பந்தத்தின்கீழ் கனடாவுக்குப் போகும் சட்டைக்கு விதி இன்னும் இறுக்கம்: பெரும்பாலான ரகங்களில் நூலே உறுப்பு நாட்டில் நூற்றதாக இருக்க வேண்டும். அமெரிக்காவோடு அப்படி ஒரு வரிச்சலுகை ஒப்பந்தம் இல்லை, அதனால் இந்தத் தொல்லையும் இல்லை.

சாம்பிள் அனுப்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்: “தைத்த சட்டை எந்த நாட்டுக்குப் போகிறது?” பதில் அமெரிக்கா என்றால் துணியைப் பற்றிப் பேசலாம். ஐரோப்பா என்றால் நூல் விலைப்பட்டியலை நீட்டுங்கள்.

ஆசியான் ஒப்பந்தம் இருப்பதால் இறக்குமதி வரி தானாகக் குறைந்துவிடுமா?

குறையாது. ஆசியான் என்பது வியட்நாமும் சேர்ந்த தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பு. அதோடு இந்தியா போட்ட சரக்கு ஒப்பந்தம் 2010 முதல் நடப்பில் இருந்தாலும், ஏஐ படிவம் என்கிற பிறப்பிடச் சான்று இல்லாமல் சலுகை கிடைக்காது. சுத்தமாக இங்கேயே விளைந்த பொருள் இல்லையென்றால் பொதுவிதி இது: 35 சதவீத மதிப்பு உள்ளூரில் சேர்ந்திருக்க வேண்டும், வெளிநாட்டு மூலப்பொருளின் எச்எஸ் கோடும் (சுங்கத்தில் சரக்கை வகைப்படுத்தும் எண்) செய்த பொருளின் கோடும் ஆறு இலக்க அளவில் வேறாக இருக்க வேண்டும். கன்டெய்னர் ஏற்றும் முன், சரக்கை வாங்குபவர் எந்தக் கோடில் டிக்ளேர் செய்யப் போகிறார் என்று அவரிடமே எழுத்தில் வாங்கி, நம் இன்வாய்ஸ், ஏஐ படிவம் இரண்டோடும் ஒப்பிட்டுவிடுவேன். ஓர் இலக்கம் தப்பினால் ஹோ சி மின் நகரத்தின் காட் லாய் துறைமுகத்தில் பெட்டி நிற்கும், டெமரேஜ் என்கிற தாமதக் கட்டணம் ஓடும்.

அங்கேயே நிலம் வாங்கி ஆலை போட ஆசை.

நிலம் வாங்க முடியாது. அங்கே நிலம் மக்கள் சொத்து, நிர்வாகம் அரசிடம். தொழிற்பேட்டையில் பொதுவாக 50 ஆண்டுவரை குத்தகைக்கு எடுக்கலாம். முதலீட்டுப் பதிவுக்கு ஒரு சான்றிதழ், நிறுவனப் பதிவுக்கு இன்னொன்று. நிறுவனம் பதிவான 90 நாளில் சொன்ன மூலதனத்தைப் போட்டாக வேண்டும். அப்புறம், சட்டப்படியான பிரதிநிதி ஒருவராவது அங்கே குடியிருக்க வேண்டும். மச்சானை அனுப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள், கையெழுத்துப் பொறுப்பு அவர் தலையில் விழும். இரண்டு வருடம் சரக்கு விற்றுப் பாருங்கள், ஆலையைப் பிறகு யோசிக்கலாம்.

பின் டுவாங் மாகாணத்திலிருந்த வாடிக்கையாளர் இப்போது ஹோ சி மின் நகர முகவரி தருகிறார். மோசடியா?

முகவரி மாற்றம் மட்டும் என்றால் பயப்பட வேண்டாம். 2025 ஜூலையில் 63 மாகாணங்களை 34 ஆக்கினார்கள். பின் டுவாங் ஹோ சி மின் நகரத்தோடு சேர்ந்துவிட்டது. கம்பெனியின் வரி எண்ணைப் பழைய பில்லோடு ஒத்துப் பாருங்கள். அதே மெயிலில் வேறு பேங்க் கணக்கும் வந்தால், பழைய நம்பருக்கு போன் போட்டுக் கேட்காமல் ஒரு பைசா அனுப்பாதீர்கள்.