எச்சில் டெஸ்ட் எடுத்தால் கதிர்வீச்சு சிகிச்சை பலன் தருமா என்று முன்பே தெரிந்துவிடுமாமே, உண்மையா? எங்கே எடுக்கலாம்?

இன்றைய தேதிக்கு அப்படி ஒரு டெஸ்ட் ஆஸ்பத்திரிகளில் வழக்கத்தில் இல்லை. ஆராய்ச்சிகள் நடக்கின்றன. ஆனால் எச்சிலைப் பார்த்து "இவருக்குக் கரண்ட் (கதிர்வீச்சைத்தான் நம் ஊரில் இப்படிச் சொல்வோம்) வைக்கலாம், இவருக்கு வேண்டாம்" என்று முடிவெடுக்கும் கட்டம் இன்னும் வரவில்லை.

நீங்கள் கேட்கும் விதத்தைப் பார்த்தால் வீட்டில் யாருக்கோ வாயிலோ தொண்டையிலோ புற்றுக்கட்டி, டாக்டர் தேதியும் கொடுத்துவிட்டார், "பலிக்குமா பலிக்காதா தெரியாமல் எதற்கு இந்த வேதனை" என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள் என்று தோன்றுகிறது. எங்கள் வீட்டிலும் அதே பேச்சு ஓடியது. நான் டாக்டர் இல்லை. "கூகுள் டாக்டர் வந்துட்டாங்க" என்று எழுத நினைப்பவர்கள் எழுதிக்கொள்ளட்டும். அம்மாவோடு கூட இருந்து பார்த்தவள், அதனால் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு அடிநாக்கில், அதாவது தொண்டையை ஒட்டிய பகுதியில், கட்டி. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து உண்டு. ஆபரேஷன் இல்லாமல் கீமோவும் கரண்டும் சேர்த்துக் கொடுக்க முடிவானது. இதற்கு வழக்கமான கணக்கு மொத்தம் 70 கிரே (கிரே என்பது கதிர் அளவு), வாரம் ஐந்து நாளாக 35 தடவை. ஆரம்பிக்கும் முன் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி ஐஸ் டப்பாவோடு வந்து, ஆய்வுக்கு எச்சில் தருவீர்களா என்று கேட்டு, படிவத்தில் கையெழுத்து வாங்கினாள். ஒரு மணி நேரம் சாப்பிடக் கூடாது, தண்ணீர் கூடாது, பல் தேய்க்கக் கூடாது. காறித் துப்பவும் கூடாதாம். தலையைக் குனிந்து, தானாக ஊறுவதை ட்யூபுக்குள் வடிய விட வேண்டும். "துப்பாதே துப்பாதேன்னு ஊரெல்லாம் திட்டுச்சு, இப்பக் குழாயைக் குடுத்துக் கேக்குறாங்க பாரு" என்று அம்மா சிரித்தாள். அன்றைக்கு ட்யூப் சீக்கிரமே நிறைந்துவிட்டது.

பாதி சிகிச்சையில் அதே பெண் மறுபடியும் வந்தாள். அம்மா குனிந்தபடியே இருந்தாள். கஞ்சிப் பசை போல ஒரு இழை உதட்டிலிருந்து தொங்கியது, அறவும் இல்லை, விழவும் இல்லை. அதில் லேசாக ரத்தம். கடைசியில் அந்தப் பெண்ணே "போதும்மா, விடுங்க" என்று மூடியைப் போட்டுவிட்டாள்.

என் புரிதலில், இந்த ஆராய்ச்சியின் பெரிய சிக்கலே அதுதான். கதிர் படும் வழியில் எச்சில் சுரப்பிகளும் இருப்பதால் முதல் வாரத்திலேயே சுரப்பு குறையத் தொடங்குகிறது. மிஞ்சுவதும் கெட்டியாகிவிடுகிறது. முதல் வார எச்சிலையும் நான்காவது வார எச்சிலையும் எப்படி ஒப்பிடுவது? இன்டர்லூக்கின்-8 போன்ற, அழற்சியில் கூடும் புரதம் அதிகமானால் அது கட்டியால் வந்ததா, வாய் முழுக்க வெந்து புண்ணானதால் வந்ததா? அந்த மாணவியிடம் இதைக் கேட்டேன். "அதைத்தாங்க்கா நாங்களும் பிரிச்சுப் பார்க்க முயற்சி பண்றோம்" என்றாள்.

ஓரளவு தெளிவான சேதி ஹெச்.பி.வி. வைரஸால் வரும் தொண்டைப் புற்றில் கிடைத்திருக்கிறது. 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 124 நோயாளிகளின் வாய் கொப்பளித்த நீரைப் பார்த்தார்கள். முதலில் இருந்த வைரஸ் தடம் சிகிச்சைக்குப் பிறகும் போகாமல் இருந்தவர்கள் ஐந்தே பேர். ஐந்து பேருக்கும் நோய் திரும்பியது. ஆனால் கவனியுங்கள், இது சிகிச்சை முடிந்த பிறகு தெரிவது, முன்கூட்டிச் சொல்லும் ஜோசியம் இல்லை. அதோடு நம் ஊரில் வாய், தொண்டைப் புற்றில் பெரும்பங்கு புகையிலையாலும் பாக்காலும் வருவது.

முன்பே கொஞ்சம் சொல்லக்கூடியது பயாப்ஸி சதையில் பார்க்கும் பி16 சோதனை; கட்டி ஹெச்.பி.வி.யால் வந்ததா என்பதற்கு அடையாளமான ஒரு புரதத்தைப் பார்ப்பது. கட்டி தொண்டைப் பகுதியில் இருந்தால் இதைக் கேளுங்கள். 2010இல் வந்த ஆய்வில் மூன்று வருடம் உயிரோடு இருந்தவர்கள் ஹெச்.பி.வி. உள்ள கட்டிக்காரர்களில் 82 சதவீதம், இல்லாதவர்களில் 57. அம்மாவுக்கு நெகட்டிவ். அதற்காக யாரும் கரண்ட் வேண்டாம் என்று சொல்லவில்லை. 57 என்பதும் பாதிக்கு மேல்தானே?

எச்சிலைப் பற்றிக் கவலைப்படுவதென்றால் அதைக் காப்பாற்றுவது பற்றிக் கேளுங்கள். கதிரைக் கட்டியின் வடிவத்துக்கு ஏற்றபடி கூட்டிக் குறைத்துச் செலுத்தும் ஐ.எம்.ஆர்.டி. முறையில், காதடியில் இருக்கும் எச்சில் சுரப்பிக்குப் போகும் கதிரைக் குறைக்கலாம். பிரிட்டனில் செய்த ஆய்வில் ஒரு வருடம் கழித்து வாய் வறட்சியால் அவதிப்பட்டவர்கள் பழைய முறையில் 74 சதவீதம், இதில் 38.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்த அறையை வீட்டுக்காரம்மா பாதியில் காலி செய்யச் சொன்னார். அவர் மருமகள் மாசமாம், அம்மா உடம்பிலிருந்து கதிர் வருமாம்! வெளியிலிருந்து மெஷினில் வைக்கும் கரண்ட் மெஷினை நிறுத்தியதும் முடிந்துவிடும், உடம்பில் எதுவும் தங்காது என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. படித்தவர், ரிட்டயர்டு டீச்சர் வேறு. அட்வான்ஸிலும் பிடித்துக்கொண்டார். இன்னும் ஆறவில்லை எனக்கு.

சரி, உங்கள் விஷயம். யாராவது காசு வாங்கிக்கொண்டு எச்சில் டெஸ்ட் எடுத்துத் தருகிறேன் என்றால், அந்த ரிசல்ட்டை வைத்து சிகிச்சையில் எதை மாற்றுவீர்கள் என்று முதலில் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். ஆய்வுக்கு இலவசமாகக் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் தனி ரிசல்ட் வருமா என்று படிவத்தில் படித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு வரவில்லை. கரண்ட் பலித்ததா என்பது முடிந்து மூன்று மாதம் கழித்து எடுத்த பெட் ஸ்கேனில்தான் தெரிந்தது. அம்மாவுக்குக் கட்டி போய்விட்டது. புகையிலை கேட்டு இன்னும் சண்டை போடுகிறாள்.