பழைய எலக்ட்ரோனிக் மணிக்கூடு: டயலை நம்பி விலை பேசலாமா?

கேள்வி: புறக்கோட்டையில் ஒமேகா எஃப்300 மணிக்கூடு ஒன்று பார்த்தேன். 1972ஆம் ஆண்டினது, ஒன்றுமே மாற்றவில்லை என்கிறார்கள். டயலில் 6இன் கீழே 'ரி சுவிஸ் மேட் ரி' என்றிருக்கிறது. முட்கள் இருட்டில் பளிச்சென்று ஒளிர்கின்றன. வாங்கலாமா? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: அந்த ஒளிதான் இடிக்கிறது. இருபுறமும் வரும் 'ரி' (T), ஒளிர்பூச்சில் ட்ரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் இருப்பதைக் குறிக்கும். அதன் அரைவாழ்வுக் காலம், அதாவது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், சுமார் 12.3 ஆண்டுகள். 1972இல் பூசியதில் இன்று பதினாறில் ஒரு பங்குகூட மிஞ்சாது. மங்கிப் பழுப்பேறியிருப்பதே இயல்பு. பளிச்சிட்டால் பின்னாளில் பூசியது. அதில் குற்றமில்லை, ஆனால் 'மாற்றாத' மணிக்கூட்டுக்குரிய விலையைக் கொடுக்காதீர்கள். 'ரி'க்குப் பதில் 'எல்' (L) இருந்தால் அது லுமிநோவா பூச்சின் அடையாளம். 1990களுக்கு முந்திய டயலில் வராது.

அடுத்து விநாடி முள். இது இசைக்கவையால், அதாவது அதிரும் சிறு உலோகக் கவையால், ஓடும் மணிக்கூடு, விநாடிக்கு 300 அதிர்வு. முள் வழுக்கிக்கொண்டே போகவேண்டும். காதருகே வைத்தால் வண்டு போல ரீங்கரிக்கும். விநாடிக்கு ஒருமுறை முள் துள்ளினால் உள்ளே குவாட்ஸ் இயந்திரத்தைப் பொருத்தியிருக்கிறார்கள். ரீங்காரம் கேட்டும் முள் அசையாவிட்டால், பற்சக்கரத்தைத் தள்ளும் நுண்ணிய பகுதி விலகியிருக்கலாம். சத்தமே இல்லையென்றால் பெட்டரியைச் சந்தேகியுங்கள், அதற்குப் பிறகு இசைக்கவையை இயக்கும் மின்கம்பிச் சுருளை. சுருளின் கம்பி தலைமயிரைவிட மெல்லியது. அறுந்தால் மாற்றுச் சுருள் தேடித்தான் பிடிக்கவேண்டும். ஆகவே ஓடாத ஒன்றை 'பெட்டரி போட்டால் சரி' என்ற சொல்லுக்காக வாங்கவே வேண்டாம்.

பின்மூடியைத் திறந்துகாட்டச் சொல்லுங்கள். திகதி மட்டும் காட்டுவதில் 1250, கிழமையும் சேர்ந்ததில் 1260 என்ற எண் இயந்திரத்தில் இருக்கும். அந்த எண்ணைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். கேட்டால் பற்றுச்சீட்டு தரவேண்டியது விற்பவரின் கடமை. மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையை 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழையுங்கள்.

கேள்வி: 'சுவிஸ்' என்ற சொல்லின் இருபுறமும் சிறு சிக்மா (σ) என்ற கிரேக்க எழுத்து இருக்கிறது. தங்க மணிக்கூடு என்று விலை கேட்கிறார்கள்.

பதில்: 1970களின் அந்தக் குறி, முட்களும் மணிக்குறிகளும் தங்கம் என்று மட்டுமே சொல்லும். மணிக்கூட்டின் வெளிக்கூடு எஃகாகவும் இருக்கலாம். கூட்டின் தங்கத்துக்கு அதன் உட்பக்கத்து முத்திரையைப் பாருங்கள்.

கேள்வி: என்னிடமுள்ள இசைக்கவை மணிக்கூடான புலோவா அக்குட்ரோன் 214க்குப் புதிய பெட்டரி போட்டபின் தாறுமாறாக வேகமாக ஓடுகிறது.

பதில்: அது 1.35 வோல்ட் பாதரச பெட்டரிக்காகச் செய்யப்பட்டது. இன்றைய சில்வர் ஒக்சைட் 1.55 வோல்ட். இசைக்கவை அளவுக்கு மீறி அசைவதால், ஒரு பல் நகரவேண்டிய சக்கரம் சிலவேளை இரண்டு பல் நகர்கிறது. வேகத்தைத் திருத்தும் தகடுகளை ஆட்டிப் பயனில்லை. இந்த வகையில் கைப்பழக்கமுள்ளவரிடம் கொடுத்து, சக்கரத்தைத் தள்ளும் பகுதியைப் புதிய மின்னழுத்தத்துக்கேற்பச் சரிசெய்யுங்கள். அல்லது மின்னழுத்தத்தைக் குறைக்கும் பெட்டரி போடுங்கள். அணியாத மாதங்களில் பெட்டரியைக் கழற்றி வையுங்கள். கசிந்தால் சுருள் போய்விடும்.