செத்த சிப்பாய்க்கு எந்த ஊர்?

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் என் மகனுக்கு எந்நேரமும் போர்க்கதை காமிக்ஸும் கேமும்தான். அதிலும் செத்த சிப்பாய்கள் எழுந்து வந்து சண்டை போடுகிற கதை என்றால் சோறு வேண்டாம். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கமெல்லாம் ஹெல்மெட் போட்ட எலும்புக்கூடுகள். “வீட்டில் பிணத்தை வரைந்தால் தரித்திரம்” என்று மாமனார் அதைக் கிழித்துவிட்டார். தாத்தாவும் பேரனும் இரண்டு நாளாகப் பேசவில்லை. பையன் மனசு கெட்டுவிடுமா?
– பெயர் வேண்டாம், அல்சூர், பெங்களூரு

பதில்: முதலில் ஒரு புது நோட்டு வாங்குங்கள், கோடு போடாததாக. மாமனாரே கடைக்குப் போய் வாங்கி வந்தால் இன்னும் நல்லது.

தரித்திரம் என்கிறாரே, அவரிடம் கலிங்கத்துப்பரணியைப் பற்றி மெல்லப் பேச்சுக் கொடுங்கள். குலோத்துங்க சோழனின் படை கலிங்கத்தை வென்ற கதை. ஆனால் செயங்கொண்டார் அதில் பேய்களுக்குத்தான் இலை போட்டுப் பரிமாறியிருக்கிறார். போர் முடிந்த களத்தில் அவை கூழ் காய்ச்சுகின்றன. முரசுதான் உரல், யானைத் தந்தம் உலக்கை, செத்தவர்களின் பல்லே அரிசி. கூழ் ஊற்றும்போது ஊமைப்பேய் ஒன்று வயிற்றைத் தொட்டுக் காட்டிக் கையாலேயே கேட்கிறது. உங்கள் மகனின் எலும்புக்கூடு இதற்குப் பக்கத்தில் பச்சைக் குழந்தை.

பாரதத்திலும் உண்டு. அரவானின் வெட்டுப்பட்ட தலை பதினெட்டு நாள் போரையும் பார்த்ததாக நம்மூர்க் கூத்தில் சொல்வார்கள். போர் முடிந்து பல வருடம் கழித்து, வியாசர் கங்கைக்குள்ளிருந்து மாண்டவர்களை ஒரே ஓர் இரவுக்கு எழுப்பிக் காட்டுகிறார். விடிந்ததும் போய்விடுகிறார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. பரணிப் பேய்க்குப் பசி இருக்கிறது. கங்கையில் வந்தவர்களைக் கட்டிக்கொண்டு அழ ஆள் இருக்கிறது. கேமில் வரும் ஜாம்பிக்கு அம்மாவும் கிடையாது, ஊரும் கிடையாது. எத்தனை பேரைச் சுட்டாலும் யாரும் அழமாட்டார்கள். எதிரிச் சிப்பாயை ஜாம்பி ஆக்குவதே அந்தச் சௌகரியத்துக்குத்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அதனால் அவன் வரையும்போது பக்கத்தில் உட்கார்ந்து, “இவன் சாகிறதுக்கு முன்னாடி எந்த ஊர்டா?” என்று கேளுங்கள். புத்தி சொல்கிற தொனி வேண்டாம். சும்மா கதை கேட்கிற மாதிரி. தூக்கம் கெடுகிறது, சாப்பாடு குறைகிறது, நண்பர்களை விட்டு ஒதுங்குகிறான் என்றால் மட்டும் பள்ளி ஆலோசகரைப் பாருங்கள். அப்புறம், கேமின் மேல் போட்டிருக்கும் வயது வரம்பையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாக பேகூர் நாகேஸ்வரர் கோயிலுக்குப் போய் வாருங்கள். அங்கே சுமார் 890-ஆம் ஆண்டைச் சேர்ந்த பழங்கன்னடக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் ஊரின் பெயர் நமக்குத் தெரிந்து முதன்முதலில் எழுதப்பட்டது அதில்தான். பெங்களூர்ச் சண்டையில் செத்துப்போன ஒருவனுக்காக வெட்டிய கல் அது. மறக்காமல் புது நோட்டையும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.