காரில் இருக்கும் ஆட்டோ ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியை ஏன் பலரும் ஆஃப் செய்து வைக்கிறார்கள்? உங்கள் அனுபவம் என்ன?

வண்டி சிக்னலில் நின்றதும் எஞ்சினைத் தானாக அணைத்து, கிளம்பும்போது தானாக எழுப்பிவிடும் வசதி அது. நானும் முதல் ஆறு மாதம் அதை ஆஃப் செய்து வைத்திருந்தவள்தான். காரில் ஏறியதும் சீட் பெல்ட், அடுத்து அந்தப் பட்டன். 'ஏ' எழுத்தைச் சுற்றி வளைந்த அம்புக்குறி போட்டிருக்குமே, அதுதான். இப்போது ஐந்தாவது வருடம் ஓடுகிறது, பெரும்பாலும் ஆன் செய்தே ஓட்டுகிறேன்.

ஏசி நின்றுவிடுகிறது, பேட்டரி போய்விடும், செல்ஃப் மோட்டார் தேய்ந்துவிடும் என்று பல காரணம் சொல்வார்கள். அவற்றுக்குப் பிறகு வருகிறேன். எனக்கு இருந்தது பயம். நான் 33 வயதில்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். மூன்றாம் நாள், சென்னை அசோக் பில்லர் சிக்னலில் பச்சை விழுந்ததும் கிளட்சைச் சட்டென்று விட்டுவிட்டேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி ஆஃப் ஆனது. சாவியைத் திருப்பி, கியர் போட்டு எடுத்தால் மறுபடியும் ஆஃப். பின்னால் ஒரு பஸ், இரண்டு ஆட்டோ, எல்லாரும் ஹாரன். "பதறாதீங்க மேடம், அவங்க அடிச்சிட்டுத்தான் இருப்பாங்க" என்றார் சொல்லிக்கொடுத்தவர். ஆனாலும் அந்தச் சத்தம் உடம்பில் தங்கிவிட்டது. கியர் வண்டியில் கற்றுக்கொண்ட யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நடுரோட்டில் எஞ்சின் நின்றால் நாம் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்றுதான் மனம் முதலில் நினைக்கும். வருடக்கணக்கில் அப்படிப் பழகிய கையும் காலும், எஞ்சின் நிற்பதுதான் இனி சரி என்று ஒரே நாளில் ஏற்றுக்கொள்ளுமா?

என் அப்பா அரசுப் பேருந்தில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைப் புது வண்டியில் முதல் தடவை கூட்டிப்போனபோது பட்டனை அழுத்த மறந்துவிட்டேன். வடபழனி சிக்னலில் நியூட்ரலுக்கு வந்து கிளட்சை விட்டதும் எஞ்சின் அடங்கியது. எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் கீழே விழுந்தது. பக்கத்து சீட்டில் அப்பாவின் வலது கால் மிதியடிமேல் ஆக்ஸிலரேட்டரைத் தேடி அழுத்தியதைப் பார்த்தேன்.

"என்னம்மா, ஆஃப் ஆயிடுச்சா? செல்ஃப் அடி."

"இல்லப்பா, அதுவாத்தான் நின்னிருக்கு. பாருங்க" என்று கிளட்சை மிதித்தேன். முள் எழுந்தது, எஞ்சின் ஓட ஆரம்பித்தது. கோடம்பாக்கம் பாலம் ஏறும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "ரயில்வே கேட்டுல நாங்க ஆஃப் பண்றதுதானே இது. ஆனா கேட்டு எப்ப திறப்பாங்கன்னு ஒரு டிரைவருக்குத் தெரியும். இதுக்கு எப்படித் தெரியும்?"

அவர் கேட்டதுதான் விஷயமே. வண்டிக்குத் தன் வேகம், கியர், கிளட்ச், எஞ்சின் சூடு, பேட்டரியில் இருக்கும் சார்ஜ் எல்லாம் தெரியும். சிக்னல் கம்பத்தில் 85 ஓடுகிறதா, 5 ஓடுகிறதா என்பது தெரியாது. அது நமக்குத்தான் தெரியும். கியர் வண்டியில் இதற்கு எளிய வழி இருக்கிறது: கிளட்சை மிதித்தே வைத்திருந்தால் எஞ்சின் நிற்காது. ஐந்து, பத்து விநாடிதான் என்றால் கிளட்சை விடாதீர்கள். நீண்ட சிக்னல் என்றால் நியூட்ரல் போட்டுக் காலை எடுத்துவிடுங்கள். முடிவு நம் இடது காலில் இருக்கிறது என்று புரிந்த அன்றுதான் என் பயம் போனது.

ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்களின் கோபம் வேறு, அது நியாயமானதும்கூட. என் நாத்தனாரின் வண்டி ஆட்டோமேட்டிக். பிரேக் மிதித்து நின்றால் எஞ்சின் அணையும், பிரேக்கை விட்டால் ஓடும். யூ-டர்ன் எடுக்க இடைவெளி பார்த்து நிற்கும்போது அணைந்து, இடைவெளி கிடைக்கும் நொடியில்தான் அது எழுந்திருக்கும். அரை விநாடி தாமதம்தான், ஆனால் எதிரே தண்ணி லாரி வரும்போது அரை விநாடி பெரிய விஷயம். சில வண்டிகளில் பிரேக்கை லேசாக மிதித்தால் எஞ்சின் அணையாது. அவளுடையதில் அந்தச் சலுகை இல்லை. அவள் பட்டனை அழுத்திவிட்டே ஓட்டுகிறாள். நான் மாற்றச் சொல்லவில்லை.

பட்டனைத் தினமும் ஏன் அழுத்த வேண்டியிருக்கிறது என்பது பலரின் எரிச்சல். மைலேஜும் புகையும் சோதிக்கும்போது வண்டி தானாக எந்த நிலையில் கிளம்புகிறதோ அதைத்தான் கணக்கில் எடுப்பார்கள். சோதனையில் நகர ஓட்டம் என்ற பகுதி முழுக்க நின்று நின்று போவதுதான். அங்கே எஞ்சின் அணைந்தால் காகிதத்தில் மைலேஜ் கூடும். அதனால் பெரும்பாலான கார்களில் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் அது ஆனாகவே வரும். 2025 மே மாதம் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவர் லீ செல்டின், இந்த வசதியை எல்லாரும் வெறுக்கிறார்கள், இதைச் சரிசெய்யப்போகிறோம் என்று எழுதினார். எல்லாரும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஹீரோ 2014-இல் ஸ்ப்ளெண்டர் ஐஸ்மார்ட் பைக்கில் இதைக் கொண்டுவந்தபோது பெரிய முணுமுணுப்பு எதுவும் என் காதில் விழவில்லை. பைக்கில் ஏசி கிடையாது, சிக்னலில் கையால் ஆஃப் செய்வதும் நமக்குப் பழக்கம்தானே.

ஏசி விஷயத்தில் மட்டும் சென்னைக்காரர்கள் சொல்வது முழு உண்மை. சாதாரண காரில் கம்ப்ரஸரைச் சுழற்றுவது எஞ்சின்தான். எஞ்சின் நின்றால் காற்று வரும், குளிர்ச்சி வராது. முதல் அரை நிமிடம் தெரியாது. பிறகு காற்றில் ஈரத்துணி வாடை அடிக்கும், கழுத்துப் பக்கம் பிசுபிசுக்கும். உள்ளே சூடு ஏறியதும் வண்டியே எஞ்சினை எழுப்பிவிடும். மே மாத மதியத்தில் பெரும்பாலும் அது அணைவதே இல்லை, பழுது என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று, இது யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஊருக்குப் போகும் வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். எஞ்சின் தானாக அணைந்தது. பின் சீட்டில் பையனுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொடுக்க சீட் பெல்ட்டைக் கழற்றி, கதவைத் திறந்து இறங்கி ஏறினேன். கேட் திறந்தது. கிளட்சை மிதித்தால் ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி மிதித்தேன், இல்லை. பின்னால் ஹாரன், பத்து வருடத்துக்கு முந்தைய அசோக் பில்லர் அப்படியே திரும்பி வந்தது. டிரைவர் இறங்கிவிட்டார் என்று நினைத்து, பாதுகாப்புக்காக வண்டி தானாக ஸ்டார்ட் ஆவதை நிறுத்திவிட்டது. வழக்கம்போல கையால் ஸ்டார்ட் செய்தால் போதும். எனக்கு அது உறைக்கச் சில விநாடி ஆனது. பெல்ட்டைக் கழற்றி இறங்கினால், பல வண்டிகளில் அடுத்த ஸ்டார்ட் உங்கள் கையில் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செல்ஃப் மோட்டார் தேயும் என்ற பயம் வேண்டாம், இதற்கென்றே பலமாகச் செய்து வைக்கிறார்கள். 2015-இல் மாருதி சியாஸில் வந்த மாதிரியான அமைப்புகளில், பெல்ட் வழியாக எஞ்சினைச் சுழற்றுவது மோட்டாராகவும் வேலை செய்யும் ஒரு ஜெனரேட்டர். 'கிர்ர்' சத்தம்கூட வராது. எஞ்சினுக்கு அதிகத் தேய்மானம் காலையில் குளிர்ந்து கிடக்கும்போது எடுக்கும் ஸ்டார்ட்டில்தான். சிக்னலில் ஆயில் சூடாக, பாகங்களில் ஒட்டியபடியே இருக்கும். பேட்டரியில்தான் ஏமாந்துவிடக் கூடாது. இந்த வண்டிகளுக்கு, அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும் ஈஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகை பேட்டரி வேண்டும், விலை அதிகம். என் பேட்டரி போனபோது, வெளியே ஒரு கடையில் "எல்லாம் ஒண்ணுதான் மேடம்" என்று சாதாரண பேட்டரியைப் போட்டார்கள். பதினோரு மாதத்தில் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. வாங்கும்போது பழைய பேட்டரியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களே படித்துப் பாருங்கள்.

சரி, மிச்சம் எவ்வளவு? நின்ற இடத்தில் ஓடும் சின்ன பெட்ரோல் எஞ்சின் மணிக்குச் சுமார் 0.7 லிட்டர் குடிக்கும். என் வண்டி ஒரு நாளில் அணைந்திருப்பது பத்து நிமிடம்தான். 25 நாளுக்கு நாலு மணி நேரம் சொச்சம், மூன்று லிட்டர், முந்நூறு ரூபாய். பேட்டரிக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் அதில் ஒரு பகுதி போய்விடும். பத்து விநாடிக்கு மேல் நின்றால் அணைப்பதே லாபம் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்கு.

நான் ஆன் செய்து வைப்பது முந்நூறு ரூபாய்க்காக இல்லை. சிக்னலில் நம் சைலன்சருக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று ஒரு நாள் கண்ணாடியில் பாருங்கள். ஸ்கூட்டரின் முன்னால் நிற்க வைத்த குழந்தையின் முகம் அந்தப் புகைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. போக்குவரத்துக் காவலர் எட்டு மணி நேரம் அங்கேயே நிற்கிறார். ஒன்றரை நிமிடம் நான் அணைப்பதில் ஊர்க் காற்று சுத்தமாகிவிடாது, தெரியும். ஆனாலும் அந்தப் பிள்ளையைப் பார்த்த பிறகு ஓடவிட மனம் வரவில்லை.

இப்போது நான் செய்வது: போரூரிலிருந்து ஆற்காடு சாலையில் ஊர்ந்து வரும்வரை பட்டனை அழுத்தி ஆஃப், பத்தடிக்கு ஒருமுறை அணைந்து எழுவது யாருக்கும் பயனில்லை. வடபழனி நெருங்கியதும் ஆன். அப்பா கூட வரும் நாளில் அவரே டைமரைப் பார்த்துவிட்டு "அம்பது இருக்கு, விடும்மா" என்கிறார். நான் கிளட்சிலிருந்து காலை எடுக்கிறேன்.