வெந்நீரில் வாடை அடித்தால் பயப்படாதே, தம்பி

பாலக்காட்டு வேலந்தாவளத்திலிருந்து ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக் வந்து இறங்கிய கையோடு கேட்டிருக்கிறாய்: வெந்நீர்க் குழாயைத் திறந்தால் அழுகின முட்டை வாடை, வீட்டில் மெட்டி கறுத்துப்போய்விட்டது, பூமிச் சூட்டில் எடுக்கும் கரண்ட் சுத்தம் என்பதெல்லாம் நிஜம்தானா என்று. நிஜம்தான் தம்பி. நானும் கொழிஞ்சாம்பாறைக்காரன், அதனால் நம்ம ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன்.

வாடை ஹைட்ரஜன் சல்பைடுடையது. பூமிக்குள்ளிருந்து சூட்டோடு வரும் வாயு. குளிக்கிற தண்ணீரில் இருக்கிற அளவுக்கு உடம்பை ஒன்றும் செய்யாது, வெள்ளியைத்தான் கறுக்க வைக்கும். குழந்தையின் கொலுசைக் கழற்றி வைத்துவிடு. மெட்டியைக் கழற்ற மனசு வராது, சரி, விபூதி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். குடிக்கவும் சமைக்கவும் குளிர்ந்த நீர்க் குழாய்தான். அது வேறு வழியில் வரும் ஊற்றுத் தண்ணீர், அதில் வாடையே இருக்காது.

ஒரு லீவு நாளில் ஹெல்லிஷெய்தி மின்நிலையத்துக்குப் போய்ப் பார். 2 கிலோமீட்டருக்கும் மேல் துளை போட்டு, அடியிலிருந்து வரும் நீராவியில் டர்பைனைச் சுழற்றுகிறார்கள். 303 மெகாவாட். மிச்சமாகிற சூட்டையும் விடுவதில்லை, அதில் நல்ல தண்ணீரைக் காய்ச்சி நகரத்துக்கு அனுப்புகிறார்கள். இதே மாதிரியான நெஸ்யாவெட்லிர் நிலையத்திலிருந்து 27 கிலோமீட்டர் குழாயில் வரும் வெந்நீர், வழியில் 2 டிகிரிகூட ஆறுவதில்லை. வீட்டைச் சூடாக்க ஜன்னலுக்குக் கீழே சுடுகிற உன் ரேடியேட்டருக்குள் ஓடுவதும் இப்படி வரும் வெந்நீர்தான்.

புகையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நீராவியோடு கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடும் வரும், ஆனால் நிலக்கரியோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். ஹெல்லிஷெய்தியில் அதையும் பிடித்து, தண்ணீரில் கரைத்து, எரிமலைப் பாறைக்குள் இறக்குகிறார்கள். இரண்டு வருஷத்துக்குள் பெரும்பகுதி கல்லாகிவிடுகிறது! எனக்கு இதைவிட மதிப்பான வேலை இந்த நாட்டில் தெரியவில்லை. பயன்படுத்திய தண்ணீரையும் திரும்ப பூமிக்குள் விடுகிறார்கள். அளவுக்கு மீறி உறிஞ்சினால் கீழே அழுத்தம் குறைந்துவிடும், அந்தக் கவனம் எப்போதும் வேண்டும்.

நம்ம பக்கம் இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) பொய்த்தால் இடுக்கி அணையைப் பார்த்துக் கவலைப்படுவோமே, பூமிச் சூட்டுக்கு அந்தக் கவலை கிடையாது. மழையோ காற்றோ வெயிலோ அதற்குத் தேவையில்லை. இங்கேயும் கரண்டில் பெரும்பங்கு அணைகளிலிருந்துதான், ஏறக்குறைய 30 சதவீதம் பூமிச் சூடு.

அப்புறம் ஒன்று. குழாயில் வெந்நீர் 80 டிகிரி வரைகூட வரலாம். குழந்தையைக் குளிப்பாட்டும்போது குளிர்ந்த நீரை முதலில் திறந்துவிட்டு, அப்புறம் வெந்நீரைக் கலந்துகொள்.